சம்பந்தி கலியபெருமாளும் விசிறியில்லாத படகும்

பாபநாசம் கடைத்தெருவில் அலுமினிய ரிவெட் வாங்கிக்கொண்டிருந்தபோது என் மகள் வித்யாவிடமிருந்து போன் வந்தது. "அப்பா, மாமா தவறிட்டாங்கப்பா. மாட்ட மேட்டுல கட்டிட்டு வந்து உக்காந்தாங்க. தண்ணி கேட்டாங்க. கொண்டு வர்றதுக்குள்ள..." நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன். கடைக்காரர் நீட்டிய ரிவெட்டைப் பார்த்து, இது பெரிசு, சின்னது கொடுங்கள் என்று சண்டை பிடித்து மாற்றி வாங்கினேன். வெளியே வந்து வண்டியை உதைத்த பிறகுதான் வித்யா சொன்னது உறைத்தது. அந்த ரிவெட்டை வாங்கிவரச் சொல்லிக் காலையில் பேசியவரே அவள் மாமனார், என் சம்பந்திதான்.

"நாலஞ்சு ரிவெட் குறையுது, வாங்கிட்டு வந்துருங்க சம்பந்தி. ஞாயித்துக்கிழமை படக ஆத்துல விட்டுப் பாத்துருவோம்" என்றார். குரலில் ஒரு களைப்பும் இல்லை. இப்படியும் ஒரு மனிதர் போவாரா? இன்னும் காரியம்கூட முடியவில்லை. எதிரே வந்து நின்று, "என்ன எழுதிக்கிட்டிருக்கீங்க, வேலை கெடக்கு" என்று அதட்டுவார் போலவே இருக்கிறது.

திரு. கலியபெருமாள் அவர்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொள்ளிடத்தின் நடுவே உள்ள ஒரு திட்டில் வாழை வைத்திருந்தவர். அவர் மகனுக்குத்தான் என் பெண்ணைக் கொடுத்தேன். மருமகன் துபாயில் வேலை பார்க்கிறார். பெண் பார்க்க வந்த அன்றே, "நாங்க திட்டுக்காரங்க. வெள்ளம் வந்தா உங்க பொண்ணு படகுலதான் பொறந்த வீட்டுக்கு வரணும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். மறைத்துப் பேசத் தெரியாத மனிதர் என்று அப்போதே சம்மதித்துவிட்டேன்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. வித்யாவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறியது. அவளை ஏற்றி வந்த மோட்டார் படகின் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டு, படகு நடு ஆற்றில் நின்றுபோனது. சம்பந்தி கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். நான் கரையில் நின்று குலதெய்வத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த சற்று நேரத்திலேயே பேத்தி பிறந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட நின்ற சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு பொம்பளை இப்படி நடு ஆத்துல கெடக்கக் கூடாது சம்பந்தி" என்றார்.

சொன்னதோடு விடுகிற ஆளா அவர்? வேளாங்கண்ணிப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் ஓட்டை விழுந்து கவிழ்ந்து கிடந்த தட்டையடி அலுமினியப் படகை வாங்கி வந்தார். மூடிப்போன ஒரு படகுத்துறையிலிருந்து ஜெட் மோட்டார் ஒன்றும் கிடைத்தது. அதற்கு வெளியே சுற்றும் விசிறி கிடையாது. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும். முழங்கால் தண்ணீரிலும் ஓடும். ஆகாயத்தாமரை வந்து அடைத்தாலும் மோட்டாரை நிறுத்தி, உறிஞ்சும் வாயிலுள்ள சல்லடையைக் கையால் சுத்தம் செய்துகொள்ளலாம். நான் வெல்டிங் பட்டறைக்காரன், வீடும் கொள்ளிடக் கரையில். ஆகவே படகு எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பெண் வீட்டில் கை நனைக்கலாம். கையில் கரியைப் பூசிக்கொண்டு நிற்கலாமா? என் மனைவி தினமும் இலை போட்டு வடை, பாயசம் என்று அடுக்குவாள். "இப்படிப் போட்டீங்கன்னா படகு மொதல்ல என்னையே தாங்காது சம்பந்தியம்மா" என்பார். ஆனாலும் ஒரு வாய் விட மாட்டார்.

ஜெட் மோட்டாரை மற்ற மோட்டாரைவிட உயரத்தில் மாட்ட வேண்டும். அதற்காகப் படகின் பின்பலகையை உயர்த்தினோம். அவர் போட்ட கோடு சற்று மேலே இருப்பதாக எனக்குப் பட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். நான் கை தவறி அந்தக் கோட்டுக்கும் மேலே தகட்டை வைத்து வெல்டிங் அடித்ததை அவர் பார்த்திருக்கிறார். பெண் கொடுத்தவர் மனம் நோகுமே என்று அவரும் விட்டுவிட்டார். ஆற்றில் இறக்கினால் மோட்டார் ஊரையே கூட்டியது. படகு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. உறிஞ்ச வேண்டிய வாய் தண்ணீருக்கு மேலே நின்று காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மரியாதை குடுத்தே படகக் கெடுத்துட்டீங்களே" என்று, பேத்தியோடு வந்திருந்த வித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சம்பந்தி அன்றே சட்டம் போட்டார். "கொட்டகைக்குள்ள மரியாதை கெடையாது. தப்புன்னா தப்புன்னு சொல்லணும். சொல்லாதவங்களுக்கு டீ இல்ல." அதன்பின் நாங்கள் போட்ட சண்டையைக் கேட்டு, சம்பந்திகளுக்குள் உறவு முறிந்துவிட்டதாகவே அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கென்னவோ, இத்தனை வயதுக்கு மேல் ஒரு சிநேகிதர் கிடைத்துவிட்டார் என்றுதான் இருந்தது. பலகையை வெட்டிக் குறைத்தோம். ஓட்டைகளை அடைத்தோம். மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்குள், மேட்டூரில் உபரி நீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மாடுகளை மேட்டில் கட்டிவிட்டு வருகிறேன் என்று திட்டுக்குப் போனார்.

அன்று பாபநாசத்திலிருந்து நான் திரும்பியபோது தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. திட்டின் சுடுகாடு மூழ்கிவிட்டதால் அவரை இக்கரைக்குத்தான் கொண்டுவர வேண்டும். மற்ற படகுகள் ஆகாயத்தாமரைக்குப் பயந்து கட்டிக் கிடந்தன. ரிவெட் அடிக்காத உட்காரும் பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அக்கம்பக்கத்தார் கைகொடுக்க எங்கள் படகைத் தள்ளினேன். மோட்டார் பிடித்தது. படகு சீராகப் போயிற்று. நடுவில் ஒருமுறை சல்லடை அடைத்தது. நிறுத்தி, வேர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி கிளப்பினேன். "ஓடுது சம்பந்தி, பாக்கறதுக்கு நீங்க இல்லையே" என்று வாய்விட்டு அழுதேன்.

திட்டில் அவரைக் குளிப்பாட்டித் திருநீறு பூசிக் கிடத்தியிருந்தார்கள். பார்த்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தூக்குவதற்கு ஆட்கள் குனிந்த நேரத்தில் வாசலில் கூச்சல் கேட்டது. ஆட்டை அவிழ்க்கப் போன நீலா என்ற பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது. புருஷன் தோளில் சுமந்து வந்திருந்தார். சம்பந்தியைக் கிடத்தினால் படகில் இன்னொருவரைக் கிடத்த இடமில்லை. எடுக்கக் குனிந்த பிறகு பிணத்தைக் காக்க வைக்கக் கூடாது என்பார்கள். நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் கணவரின் தலைமாட்டை விட்டு எழவில்லை.

"அவங்களுக்கு இனிமே என்ன அவசரம்? மொதல்ல அவள ஏத்திட்டுப் போங்க. இவங்க இருப்பாங்க" என்றார்.

நீலா பிழைத்துக்கொண்டார். இக்கரையில் அவரை வண்டி ஏற்றிவிட்டு நான் மறுபடி திட்டுக்குப் போனேன். தாம் செய்த படகில் என் சம்பந்தி இரண்டாவது ஆளாகத்தான் வந்தார். வழியெல்லாம் படகின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. உடுத்தியிருந்த வேட்டி நனையாமல் அவரைக் கரை சேர்த்தேன்.

போய் வாருங்கள், சம்பந்தி.