அம்மா ருசி பார்க்காத கிறீம் கேக்

பருத்தித்துறையில் பிறந்து லண்டன் லூயிஷாமில் கண்மூடிய எங்கள் அம்மாவைப் பற்றி எழுத இந்த நினைவு மலரில் எனக்கு ஒரு பக்கம் தந்திருக்கிறார்கள். அம்மா ஒரு பக்கத்துக்குள் அடங்குகிறவர் அல்லர். ஆகவே ஒரு கேக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அப்பா இளவயதிலேயே காலமாக, தையல் தைத்து அண்ணையையும் என்னையும் வளர்த்தவர் அம்மா. எண்பதுகளில் நானும் அவரும் லண்டன் வந்து சேர்ந்தோம். பின்னால் வரவேண்டிய அண்ணையை, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான். மகன் வந்து சேரும்வரை இனிப்பு வாயில் வைப்பதில்லை என்று அம்மா சிவன் கோவிலில் நேர்த்தி வைத்தார். அடுத்த கிழமையே வேலை கிடைத்தது. எங்கே? இத்தாலியப் பெண்மணி ஒருவரின் கேக் கடையில்!

பஞ்சு போன்ற கேக்கை மூன்று தட்டாக அரிந்து, சீனிப்பாணியில் நனைத்து, இடையிடையே பாலும் முட்டை மஞ்சட்கருவும் எலுமிச்சைத் தோலும் சேர்த்துக் காய்ச்சிய கிறீமைத் தடவுவதுதான் அம்மாவின் வேலை. ருசி பார்க்காமல் கிறீம் காய்ச்சுகிறவருக்கு இங்கே இடமில்லை என்றார் முதலாளி அம்மா. பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் அம்மா காரணத்தை விளக்கினார். மறுநாளிலிருந்து முதலாளி அம்மா ருசி பார்க்கத் தாமே கரண்டியோடு அடுப்படிக்கு வந்து நின்றார்.

அண்ணை விமானம் ஏறுகிறார் என்று செய்தி வந்ததும் அம்மா வீட்டில் அந்தக் கேக்கைச் செய்து வைத்தார். அண்ணை வரவில்லை. "கிறீம் நாளைக்குத் தாங்காது பிள்ளை. பக்கத்து வீட்டு ஆக்களைக் கூப்பிடு" என்றார். அவர்கள் சாப்பிட, அம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இன்னொரு முறையும் அப்படியே நடந்தது. அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மூன்றாம் முறை செய்தி வந்தபோது, "நான் முந்திச் செய்து வைக்கிறதாலதான் அவன்ரை பயணம் தட்டிப்போகுது. இந்தமுறை செய்யமாட்டன்" என்றார். அந்த முறைதான் அண்ணை வந்தார். வீட்டில் ஒரு துண்டு இனிப்புக்கூட இல்லை. அம்மா சோறும் பருப்பும் போட்டு, அண்ணை சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் எங்கள் இருவரையும் கடைக்குக் கூட்டிப் போனார். முதலாளி அம்மா கேக்கை வெட்டி, அதே கரண்டியால் முதல் வாயை அம்மாவுக்கு ஊட்டினார். அம்மாவின் முகம் கோணியது.

"கடவுளே, இவ்வளவு சீனியே! இத்தனை காலமும் இதைத்தானே ஆக்களுக்குக் குடுத்தனான்?"

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மூவரும் அழுதோம்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு அண்ணை அந்தக் கேக்கைச் செய்து கொண்டுபோனார். அம்மாவால் விழுங்க முடியவில்லை. "பழுதாகமுதல் நேர்ஸ்மாருக்குக் குடு" என்றார்.

அம்மாவைப் பராமரித்த அந்தத் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினருக்கும், அன்றைய பக்கத்து வீட்டாருக்கும், பூங்கொத்தோடு வந்து கலங்கி நின்ற முதலாளி அம்மாவுக்கும் எங்கள் நன்றி. முட்டை சேர்ந்ததால் முப்பத்தோராம் நாளான இன்றைய அந்தியேட்டிப் படையலில் கேக்கை வைக்கவில்லை. நாளை மாலை அண்ணை அந்தக் கேக்கைச் செய்கிறார், எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். பொதி கட்டித் தரமாட்டோம், இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். சீனியைக் குறைக்கட்டோ என்று அண்ணை கேட்டார். நான் விடவில்லை.

மகள்