மருதாத்தாள் பூசிய சுவர்

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, சுடாத மண்கல் வைத்துக் கட்டிய அந்த நூற்றைம்பது வருஷத்து வீட்டில், 1974இல் குடியிருந்தது மருதாத்தாள் ஒருத்திதான். ஏழு அறைகள். கணவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். மகனுக்குப் பிலாயில் இரும்பாலை வேலை, ஊர்ப்பக்கம் வந்து மூன்று வருஷம். ஊரில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பேச ஆளில்லாதவள் கிடைத்தவரை விடுவாளா? அவள் வருவது தெரிந்தாலே வேறு சந்தில் திரும்பிவிடுகிற புண்ணியவான்களும் அவ்வூரில் இருந்தார்கள்.

அந்த மாசியில் அர்த்தநாரி வந்தார். பழைய மண்வீடுகளை அளந்து படம் வரைந்து வைக்கச் சர்க்கார் அனுப்பிய ஆள். சித்தூர்க்காரர், முப்பது வயதிருக்கும், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"ஏனுங்காத்தா, இந்த முனையைச் சித்த புடிக்கிறீங்களா?" என்று டேப்பை நீட்டினார். அவர் ஒரு மூலையில், அவள் மறுமூலையில். எந்த அறையில் பிரசவம், எதில் நெல், எந்தச் சுவர் பெருமழையில் விழுந்து மறுபடி எழுப்பியது என்று அவர் கேட்கக் கேட்க, தொண்டை கட்டும்வரை சொன்னாள். அதையெல்லாம் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவள் பேச்சை ஒருவர் எழுதிவைத்தது அதுதான் முதல் தடவை. மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு போட்டாள். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் டேப்பைச் சுருட்டினார். "அளந்தாச்சுங்க. நாளைக்கு வந்து ஒருக்காச் சரிபார்த்துட்டா முடிஞ்சுதுங்க."

 அவர் பஸ் ஏறிய கையோடு மருதாத்தாள் செம்மண்ணும் சாணியும் குழைத்து, மேற்கு அறைச் சுவர் முழுக்க இரண்டு விரல் கனத்துக்குப் பூசினாள். மண்சுவருக்கு வருஷம் ஒரு பூச்சு உண்டு, ஆனால் அது பொங்கலுக்கு முன்னால். மாசியில் யாரும் பூசமாட்டார்கள். ஜன்னலில்லாத அறை, ஈரம் கண்ணுக்குத் தெரியாது. சாணி வாசம் அந்த வீட்டில் என்றைக்கும் உள்ளது.

மறுநாள் டேப் வைத்துப் பார்த்தால், மேற்கு அறை நோட்டில் இருந்ததைவிடக் குறுகியிருந்தது. அர்த்தநாரி தன் எழுத்தையே சந்தேகப்பட்டு, வீடு முழுவதையும் முதலிலிருந்து அளந்தார். மருதாத்தாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் நெல் அறைக்கும் பூசினாள்.

நான்காம் நாள் காலை மறுபடி சரிபார்த்தபோது நெல் அறையும் குறைந்திருந்தது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு நாள் வேலைங்காத்தா இது. இப்படியே கொண்டுபோனா, அளக்கத் தெரியாதவன்னு ஊட்டுக்கு அனுப்பிருவாங்க."

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பேச்சுத்துணை கேட்கப்போய் ஒருத்தர் பிழைப்பில் மண்ணைப் போட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் கையைப் பிடித்து இழுத்துச் சுவரில் வைத்து அழுத்தினாள். விரலெல்லாம் ஈரமண்.

"நாந்தானுங்க பூசுனேன். வேலை முடிஞ்சா நீங்க போயிருவீங்களே."

அவர் முகத்தில் முதலில் தெரிந்தது நிம்மதிதான். தப்பு தன்னுடையது இல்லை. அந்த நிம்மதியை அவளும் பார்த்தாள். பூச்சுக் கனத்தைக் கூட்டிப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் எல்லா அளவும் ஒத்துப்போயிற்று. நோட்டை மூடிய பிறகுதான் அவள் சொன்னது அவருக்கு உறைத்தது போலிருந்தது.

"உங்க பையனுக்கு வேணா ஒரு லெட்டர் எழுதிப் போடட்டுங்களா, ஆத்தா?"

"எழுதி? அவனென்ன, இந்தச் செவுத்தை அளக்கவா வரப்போறான்?"

அவர் டேப்பை எடுத்துப் பையில் வைத்தார். சோறு வேகும்வரை இருக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸிலேயே அவர் கிளம்பிப் போய்விட்டார்.