நோன்பு திறக்க ஒரு ஏரியல்

வாப்பாவின் மொரிஸ் மைனர் கார் மேல் தென்னை மட்டை விழுந்தது. ரேடியோ ஏரியல் அடியோடு முறிந்தது. கண்ணாடி தப்பியதே என்று உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். நானும் சொன்னேன். ஏரியல் போனதன் விலை மாலையில்தான் தெரிந்தது.

அது நோன்பு மாதம். வாப்பா ஹயர் கார் ஓட்டியவர். கல்முனையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு நாடெல்லாம் ஓட்டம் போவார். நோன்பு காலத்தில் வழியில் எங்காவது நிறுத்தி, கார் ரேடியோவில் வரும் வாங்குக்குத்தான், அந்தத் தொழுகை அழைப்புக்குத்தான், நோன்பு திறப்பார். இப்போது காரும் அவரும் வளவை விட்டு வெளியே போவதில்லை. ஞாபகம் பாதி போய்விட்டது. ஆனால் அந்தி மஃரிபுக்கு முன் கைத்தடியை ஊன்றிப் போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். ரேடியோ வாங்கு சொன்னால்தான் பேரீச்சம்பழம் வாய்க்குள் போகும்.

சீனி வருத்தக்காரர், நீரிழிவு முற்றியவர். டாக்டர் நோன்பே பிடிக்கக்கூடாது என்றிருந்தார். மௌலவி வீட்டுக்கு வந்து நோயாளிக்குச் சலுகை உண்டு என்று எடுத்துச் சொன்னார். "நான் எந்த ஓட்டத்துலயும் நோன்ப விட்டதில்ல" என்று சொல்லி வாப்பா அவரை அனுப்பிவிட்டார்.

ஏரியல் முறிந்த அன்று பள்ளிவாசலில் வாங்கு சொன்னார்கள். வாப்பா அசையவில்லை. "அது ஊருக்குள்ள இரிக்கிறாக்களுக்கு" என்றார். ரேடியோ வெறுமனே இரைந்தது. நான் போனில் ஒரு வாங்கைப் போட்டு டாஷ்போர்டுக்குக் கீழே பிடித்தேன். அவர் ரேடியோவின் குமிழைத் திருகிப் பார்த்தார். என் போனின் சத்தம் குறையவில்லை. பழத்தை என் கையிலேயே திருப்பி வைத்தார். இரவு இஷா தொழுதுவிட்டு ஆட்கள் வீடு திரும்பும் நேரம் அவர் தலை சாய்ந்துவிட்டது. சீனித்தண்ணீரைக் கரண்டியால் புகட்டினோம். இன்னொரு தரம் இப்படி நடந்தால் மனிதர் தப்பமாட்டார். எனக்குப் பயம். பயத்தை விட ஆத்திரம்.

மறுநாள் காலையிலேயே ஏரியல் தேடி அக்கரைப்பற்றுக்குப் போனேன். ஒரு கடையில் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி ஏதோ பிளாஸ்டிக்கைக் காட்டினார்கள். இன்னொரு கடைக்காரர், "அந்தக் கார் இன்னும் உயிரோட இரிக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாவடிப்பள்ளியில் ஒரு வளவுக்குள் பழைய ஒஸ்டின் கார் கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்.

கிடந்தது. உள்ளே கோழிகள் முட்டையிட்டிருந்தன. ஏரியலின் அடிக்கட்டையும் வயரும் காரிலேயே இருந்தன, கம்பியைக் காணவில்லை. சொந்தக்காரர் வயலைக் காட்டினார். வரம்பில் நட்டிருந்த அந்தக் கம்பியில் மினுங்கும் தாளைக் கட்டிக் குருவி விரட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவர் இறங்கிப் போய்ப் பிடுங்கி வந்தார். "கொண்டு போங்க தம்பி. குருவி திண்டா திண்டுட்டுப் போகட்டும்" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வரப் பார்த்தது.

பகலில் வயரிங் வேலை தெரிந்த பாஸ் ஒருவர் வந்து ஏரியலைக் காரில் பூட்டினார். ரேடியோ தெளிவாகப் பேசியது. பாஸும் நோன்பாளி, வீட்டுக்குப் போய்விட்டார். மாலையில் வாப்பா ஏறி உட்கார்ந்து குமிழைத் திருகினார். ஒழுங்கையின் எல்லா வீடுகளிலும் லைட் போட்டிருந்த நேரம் அது. ரேடியோவில் ஒரே இரைச்சல்.

பாஸுக்குப் போன் எடுத்தேன். அவர் குரல் சுருங்கிப் போயிற்று. "பெயின்ட சுரண்டாம பூட்டிட்டன் தம்பி. இரும்புல இரும்பு படாட்டி எர்த் பிடிக்காது. பகல்ல தெரியல்ல, இப்ப ஊரெல்லாம் லைட் போட அந்த இரைச்சல் உள்ள வருது. மட்காட்டுக்குக் கீழால கழட்டிச் சுரண்டுங்க."

வாப்பா ஒவ்வொரு பெருநாளைக்கும் அந்தக் காருக்கு ஒரு பூச்சு அடித்தவர். எத்தனை பெருநாள் பெயின்ட் அது! உம்மா பழம் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டு மட்காட்டுக்குக் கீழே புகுந்தேன். நட்டைத் தளர்த்தும்போதே பள்ளிவாசலில் வாங்கு தொடங்கிவிட்டது. ஆனால் எங்கள் கிழக்குக் கரையில் சூரியன் முந்திப் போகும். ரேடியோ வாங்கு கொழும்பு நேரத்துக்கு, சில நிமிடம் பிந்தித்தான் வரும். அந்தச் சில நிமிடங்கள்தான் என்னிடம் இருந்தன. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சுரண்டினேன். பெயின்ட் தூள் கண்ணில் விழுந்தது. மேலே வாப்பாவின் கால் நடுங்கி, பெடல் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கத்தி கையைக் கிழித்தது. இரும்பு வெளுத்தது. நட்டை இறுக்கினேன்.

இரைச்சல் அறுந்தது. யாரோ ஒருவர் பேசி முடித்தார். பிறகு வாங்கு வந்தது.

நான் ஊர்ந்து வெளியே வந்தபோது வாப்பா பழத்தை மென்றுகொண்டிருந்தார். தண்ணீர் குடித்தார். திறந்த கதவருகில் குந்தியிருந்த என்னைப் பார்த்தார்.

"நீ இன்னும் திறக்கல்லயா மகன்?"

"இல்ல வாப்பா."

"ஊர் வாங்கு எப்பவோ சொல்லிட்டாங்களே. நான் ஓட்டத்துல நிக்கிறன். நீ ஊட்டுலதானே நிக்காய்?"

என் தோள் அவர் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது.

"ஓம் வாப்பா," என்றேன். "நான் ஊட்டுலதான்."