அக்காவின் இன்சுலின்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், இன்சுலின் ஊசிக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் பேட்ச்சைச் சோதிக்கும் ஆய்வில் அக்கா சேர்ந்திருக்கிறாள். நர்ஸ் அவள் கையில் ஸ்பிரிட் தடவினாள். அந்த வாசனை என்னைக் குடவாசல் வீட்டுக்கு இழுத்துப் போனது.

அம்மா கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைக்கும்போதே அக்கா ஓடிவிடுவாள். ஒருநாள் வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்தாள். அம்மா கேட்டபோது தெரியாது என்றேன். பொழுது சாய்கையில் வாந்தியெடுத்து மயங்கிக் கிடந்தாள். கும்பகோணம் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் விழித்தவள், "அம்மாகிட்ட சொல்லல பாரு, நீ நல்லவடி" என்றாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அதன்பின் ஊசி போடும்போதெல்லாம் அவள் கையை நான்தான் பிடித்துக்கொள்வேன்.

இன்றும் பிடித்துக்கொண்டேன். அக்கா கண்ணை இறுக மூடியபடி, "எப்பம்மா குத்துவீங்க?" என்றாள்.

நர்ஸ் சிரித்தாள். "பேட்ச்சுக்குள்ளயே பொடிப்பொடியா ஊசி இருக்குங்கம்மா. ஒட்டினப்பவே குத்தியாச்சு."