ஷபானா இழந்த ராணி

ஆனிப் பௌர்ணமிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் இட்லி சாப்பிட்டு, நடுவர் பேட்ஜைக் குத்திக்கொண்டு, கிரிவலக் கூட்டம் கலைந்துகொண்டிருந்த தெரு வழியாகக் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். அங்கேதான் செஸ் போட்டி.

கல்லூரி மாணவி ஷபானா, எல்லோரும் பயப்படும் ஒரு வீரரைக் காலையில் தோற்கடித்தாள். "இது மனுஷங்க ஆடுற ஆட்டமே இல்ல சார். எங்கியோ போன் வெச்சிருக்குது இந்தப் பொண்ணு" என்று அவர் புகார் சொன்னார். பெண் நடுவரை விட்டுச் சோதித்தோம். ஒன்றும் இல்லை. ஆனால் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது, அது சொன்ன நகர்வுகளையே அவளும் ஆடியிருந்தாள்.

"வீட்ல அதுகூடத்தான் சார் தினமும் ஆடுறேன். வேற யார் மாதிரி ஆடுவேன்?" என்றாள்.

தப்பு என்று சொல்ல ஆதாரமில்லை. தப்பில்லை என்று சொன்னால் மண்டபத்தில் யாரும் நம்பப்போவதில்லை. "நீ ஆடும்மா, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

கடைசிச் சுற்றில் ஜெயித்தால் கோப்பை அவளுக்கு. எல்லோரும் அவள் மேசையைச் சுற்றி நின்று அவள் கையையே பார்த்தார்கள். அவள் ராணியை வெட்டுக்கு வைத்துவிட்டுத் தோற்றாள். போகும்போது என்னிடம், "இப்ப நான் மனுஷிதானே சார்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பலகையில் அவளுடைய கடைசி ஆட்டத்தின் காய்களை அடுக்கிப் பார்த்தேன். ராணியை இழந்த இடத்தில் அவளுக்கு ஒரே நகர்வில் செக்மேட் இருந்தது. அதைப் பார்க்க எனக்கே கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.