ஜெசிந்தாவின் மாளிகை

ஜெசிந்தா லண்டனுக்கு விமானம் ஏறியது 1984ஆம் வருஷம், விபூதிப் புதனன்று. காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பலால் போட்ட சிலுவையோடு நேராக மீனம்பாக்கம் வந்திருந்தார்கள். "ஒருசந்தி நாள்ல, வயித்தைக் காயப்போட்டுட்டு யாராவது பிரயாணம் வைப்பாங்களா?" என்று அம்மா ஞானம்மாள் தாம்பரத்திலிருந்து டாக்சியில் புலம்பிக்கொண்டே வந்தாள். டிக்கெட் எடுத்தது மாப்பிள்ளை சத்தியநாதன். கல்யாணமான பதினைந்தாம் நாளே அவர் திரும்பிப் போய்விட்டார். அங்கே ஏதோ ஆஸ்பத்திரியில் நிர்வாகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அவரிடம் போய் அம்மா நாள் கிழமை பேச முடியுமா?

உள்ளே போவதற்கு முன் ஜெசிந்தா டாக்சியின் கண்ணாடியில் பார்த்து, கைக்குட்டையால் சாம்பலைத் துடைத்துக்கொண்டாள். அக்கா செல்வமேரி அதைப் பார்த்தாள். "புஸ்தகம் ஏதாவது கெடைச்சா அனுப்புடி" என்று மட்டும் சொன்னாள். "நீயே வந்து படி" என்றாள் தங்கை.

கிழக்குத் தாம்பரத்தில் அவர்களுடையது ரெண்டு அறை வீடு. அப்பா மின்ரயில் பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபின் அம்மாவும் ரெண்டு பெண்களும்தான். கான்வென்ட்டில் சம்பளச் சலுகையில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் வேறென்ன செய்ய முடியும்? கதை படித்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஹிதாயத்துல்லா பாய் வாடகை நூல்நிலையம் வைத்திருந்தார். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் எடைக்குப் போட்டுவிட்டுப் போன புத்தகங்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. பெரும்பாலும் கொலைக் கதைகள். எல்லாம் பிரபுக்கள், சீமாட்டிகள், மாளிகைகள், வேட்டை நாட்கள், ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்திய சீமை.

"இன்னா மேரிம்மா, இன்னிக்கு எந்த லார்டு செத்தான்?" என்பார் பாய், புத்தகத்தைத் திருப்பி வாங்கும்போது.

"யாரும் சாகல பாய். பொண்டாட்டிதான் செத்துட்டா."

"அது எப்பவும் நடக்கறதுதான்."

அதில் ஒரு புத்தகத்துக்கு அட்டையும் முதல் தாளும் கிடையாது. பெயரே தெரியாது. அதைத்தான் ரெண்டு பேரும் ஒரே டியூப்லைட்டின் கீழ், ஒரே பக்கத்தில் தலை முட்டப் படித்தார்கள். தங்கை வேகம், தாளின் மூலையைப் பிடித்துக்கொண்டு, "முடிச்சியா, முடிச்சியா" என்று பிடுங்குவாள். யார்க்ஷயர் பக்கம் எட்டுப் புகைபோக்கி வைத்த மாளிகை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வெண்கலத் தட்டை அடிப்பார்கள். மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு நொண்டி வேட்டைநாய் படுத்திருக்கும். பாதிக் கதையில் அந்த நாய் செத்துப்போனதற்கு ஜெசிந்தா அழுதாள். பிரபு செத்ததற்கு யாரும் அழவில்லை.

அவள் லண்டன் போன அந்த வருஷமே, மழைக்காலத்துக்கு முன் முதல் கேசட் வந்தது. வீட்டில் டேப் இல்லை. எதிர்வீட்டுக் காந்திமதி அக்காவிடம் டூ-இன்-ஒன் இருந்ததால், அவர்கள் கூடத்தில் தெருவில் பாதிப் பேர் உட்கார்ந்து கேட்டார்கள். லண்டனிலிருந்து குரல் வருவதென்றால் சும்மாவா?

"அம்மா, அக்கா, நல்லாயிருக்கீங்களா? நாங்க ஒரு பெரிய வீட்ல இருக்கோம்மா. எட்டு பொகபோக்கி. சாப்பாட்டுக்கு முன்னாடி வெங்கலத் தட்டை அடிப்பாங்க. வெள்ளிக் கரண்டியே ஒரு ஆளுக்கு நாலு வைக்கணும். மாடிப்படி திரும்பற எடத்துல ஒரு நாய் படுத்திருக்கும்மா. பாவம், நொண்டி."

"நாய்கூடவா வெச்சிருக்காங்க?" என்றாள் காந்திமதி.

"பெரிய எடம்னா நாய் இல்லாமயா?" என்றாள் அம்மா. அவளுக்குப் பெருமை முகத்தில் கொள்ளவில்லை.

செல்வமேரி சுழலும் கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். அடுத்த கேசட்டில் தங்கை சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று. அடுத்ததிலும் அதே மாளிகை. அதற்கடுத்ததிலும். பாயிடம் போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டாள். எடுத்துப் போனவர் திருப்பித் தரவில்லை என்றார்.

இதற்குள் அம்மா அந்த மாளிகையை மாதா சபைப் பெண்கள் அத்தனை பேருக்கும் சுற்றிக் காட்டிவிட்டாள். "எம் பொண்ணு வூட்ல சோறு போடறதுக்கு முன்னாடி மணி அடிப்பாங்க, நம்ம கோயில் பூசைல சாமியார் அப்பத்தைத் தூக்கற எழுந்தேற்றத்துக்கு அடிக்கற மாதிரி." பெண்களும் விடுவதில்லை. அங்கே மாடு உண்டா, மீன் கிடைக்குமா, அவ்வளவு பெரிய வீட்டை யார் பெருக்குவது? பதில் தெரியாதபோது அம்மா பெரியவளைப் பார்ப்பாள். செல்வமேரி எங்கேயோ படித்ததைச் சொல்லிவைப்பாள்.

அதற்காகவே படிக்க வேண்டியிருந்தது. கதையோடு நிற்காமல் சரித்திரத்துக்கும் போனாள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அலமாரியிலிருந்து பாய்க்கு வந்த தடிப் புத்தகம் ஒன்றில், பிரபுக்களின் வீடுகள் எப்படி நடந்தன என்று எழுதியிருந்தது. எஜமானர் பக்கத்துக்கும் வேலைக்காரர் பக்கத்துக்கும் நடுவே ஒரு கதவு. சத்தம் வராமலிருக்க அதில் பச்சைக் கம்பளித் துணி அடித்திருப்பார்கள். விடிவதற்கு முன் கணப்புச் சாம்பலை அள்ளும் பெண்கள் எஜமானரின் கண்ணில் படக்கூடாது. யுத்தத்துக்குப் பிறகு அந்த வீடுகள் பலவும் பள்ளிக்கூடமாகவும் ஓட்டலாகவும் மாறிவிட்டன. பிரபு என்று யாராவது மிச்சமிருந்தால் அவர் ஒரு மூலையில் ரெண்டு அறையில் இருந்தார்.

அடுத்த வருஷம் அவளுக்கு மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில், சட்டைக் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை கிடைத்தது. சீமைக்குப் போகும் சட்டைகள். நாள் முழுக்க நின்றபடி காலரைப் பார்க்க வேண்டும், கையைப் பார்க்க வேண்டும். துணியில் குறை இருக்காது. ரெண்டு துணி சேரும் இடத்தில்தான் இருக்கும். கண் தானாக அங்கே போகப் பழகியது. சாயங்காலம் வீங்கின காலோடு பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. சாப்பாட்டு வேளையில் புத்தகமும் கையுமாக இருந்ததால் கூட வேலை செய்யும் பெண்கள் அவளுக்குத் துரைசாணி என்று பேர் வைத்தார்கள்.

அந்தக் கண்ணோடுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்திமதி வீட்டில் எல்லாரும் சினிமாவுக்குப் போயிருந்தபோது, சாவி வாங்கிக்கொண்டு கேசட்டுகளை முதலிலிருந்து கேட்டாள். மாளிகை முழுக்கப் புத்தகத்திலிருந்து வந்தது. ஆனால் வெள்ளிக் கரண்டியை இளஞ்சிவப்புப் பொடி போட்டுத் தேய்க்க வேண்டும், குளிர்காலத்தில் தேய்த்தால் விரல்நுனி வெடித்துவிடும் என்று ஜெசிந்தா ஓரிடத்தில் சொன்னாள். அது அந்தப் புத்தகத்தில் இல்லை. நாலு வகைக் கரண்டி வைப்பதைச் சொன்னவள், எந்தச் சாப்பாட்டின் ருசியையும் சொல்லவில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பது தெரிந்திருந்தது. அதில் படுத்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. சத்தியநாதன் பெயர் மூன்றாவது கேசட்டோடு நின்றுபோயிருந்தது.

டேப்பை அணைத்துவிட்டு செல்வமேரி கேசட்டுகளை வரிசையாக அடுக்கினாள். தங்கை எங்கோ ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரியாக இருக்கிறாள். இவ்வளவு தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றுதான். எனக்குத் தெரிந்த புத்தகத்தையே எடுத்துச் சொல்கிறாளே, என்னையும் சேர்த்து ஏமாற்றுகிறாளா, இல்லை எனக்கு மட்டும் சொல்கிறாளா?

மறுநாள் தபாலாபீசில் நின்றுகொண்டே நீலநிற ஏரோகிராமில் எழுதினாள். "வெள்ளியைத் துடைப்பது நீதானா? உண்மையைச் சொல். அம்மாவிடம் சொல்லமாட்டேன்."

பதில் வரவில்லை. கேசட்டும் வரவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, ஈஸ்டர் போயிற்று, அடுத்த கிறிஸ்துமஸும் வந்தது. "லண்டன்லருந்து ஒண்ணும் வரலியா?" என்று கேட்பார்களே என்று அம்மா பூசைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். ரத்தக் கொதிப்பு ஏறி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"நீ என்னாடி எழுதின அவளுக்கு?"

"ஒண்ணும் எழுதலம்மா."

"தபால்காரர் சொன்னாரு, நீ ஏரோகிராம் போட்டேன்னு. என்னா எழுதின?"

செல்வமேரி கஞ்சியை ஆற்றினாள். அந்த வாரமே இன்னொரு ஏரோகிராம் வாங்கினாள். எழுத வந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே வரி எழுதினாள். "அந்த நொண்டி நாய் எப்படி இருக்கிறது?"

மாதம் திரும்புவதற்குள் கேசட் வந்தது. கூடம் நிறைய ஆட்கள். "நாய் நல்லாயிருக்குக்கா. உன்னை விசாரிச்சதா சொல்லச் சொல்லிச்சு" என்றாள் ஜெசிந்தா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா அன்றைக்கு ரெண்டு வேளை சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு செல்வமேரி கேட்கவே இல்லை. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நாங்க எல்லாரும் சௌக்கியம், நீ உடம்பைப் பாத்துக்கோ" என்று பதில் கேசட் பேசி அனுப்புவாள். பாயிடம் போவாள், படிப்பாள், தெரு கேட்கிற கேள்விக்குப் பதில் வைத்திருப்பாள். முன்னே கதை படித்தால் நேரம் போவது தெரியாது. இப்போது அதுவும் ஒரு ஷிப்டு மாதிரி ஆகிவிட்டது. எவன் எவனைக் கொன்றால் என்ன என்றிருக்கும். கரண்டியையும் கணப்பையும் தேடித் தாளைப் புரட்டுவாள்.

"மேரிம்மா, நீ படிக்கிற வேகத்துல கடைல கீற லார்டு எல்லாம் தீந்துடுவானுங்க" என்றார் பாய். "முன்ன மாதிரி சிரிக்க மாட்டேன்றியே. கதை நல்லால்லியா?"

"கதை நல்லாத்தான் இருக்கு பாய். கால்தான் வலிக்குது."

ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல பையன்தான், கூச்ச சுபாவம். போகிற போக்கில் அவன் அண்ணன் கேட்டான்: "லண்டன் தங்கச்சி தம்பிக்கு ஸ்பான்சர் பண்ணுவாங்கல்ல? அவ்ளோ பெரிய வீடு, ஒரு ரூம் இருக்காதா?" அம்மா வாயைத் திறப்பதற்குள் செல்வமேரி எழுந்து, காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். அம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. கட்டிக்கொண்டு போனால் ஜெசிந்தாவின் பொய்யை அங்கேயும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்று அவள் யாரிடம் சொல்வாள்? அதற்கப்புறம் வரன்கள் வந்தன, வராமலும் போயின. வயசும் போயிற்று.

தொண்ணூற்றாறில் அம்மா படுக்கையில் விழுந்தாள். பேச்சு குறைந்துவிட்டது. ஒரு மத்தியானம், கரண்ட் இல்லாத நேரம், செல்வமேரி விசிறிக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறந்தாள்.

"ஏண்டி, ஒரு நாய் எத்தினி வருஷம்டி உசுரோட இருக்கும்?"

விசிறி நின்றது. "அது குளிர் நாடும்மா. அங்க ரொம்ப நாள் இருக்கும்."

"அப்படியா" என்றாள் அம்மா. வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது, இருமலாகவும் இருக்கலாம். "அவ பொழைச்சுக்குவா இல்ல?"

"பொழைச்சுக்குவாம்மா."

"நீ சொன்னா சரி."

அடுத்த வாரம் அம்மா போய்விட்டாள். தந்தி கொடுத்தார்கள். ஜெசிந்தா வரவில்லை, பூசை வைக்கச் சொல்லி நாலு வரி மட்டும் வந்தது. "பெரிய எடத்துல இருக்கறவங்களுக்கு நேரம் ஏது?" என்று மாதா சபையில் பேசிக்கொண்டார்கள். செல்வமேரி அதற்கும் சேர்த்துத் தலையாட்டினாள். கேசட் வருவது நின்றது. இவளும் அனுப்பவில்லை. யாருக்காக அனுப்புவது, என்ன சொல்லி அனுப்புவது? பாயின் கடைக்குப் போவதையும் விட்டுவிட்டாள். வேலை, வீடு, ஞாயிறு பூசை. மாளிகை எப்படியிருக்கிறது என்று கேட்கவும் ஆள் இல்லை.

ரெண்டு வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை, சின்ன உறை ஒன்று வந்தது. பெறுநர் பெயரில் செல்வமேரி மட்டும். உள்ளே ஒரு கேசட். அவள் வீட்டிலேயே இப்போது டேப் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போட்டாள்.

"அக்கா, நான் ஜெசி. இதை நீ மட்டும் கேளு. அவரு நான் வந்த வருஷமே என்னை விட்டுட்டுப் போயிட்டாரு. நான் ஒரு ஓட்டல்ல வேலை செய்யறேன், முன்ன ஏதோ பிரபு வீடா இருந்தது. வெள்ளி துடைச்சேன், பாத்திரம் தேச்சேன், இப்ப ரூம் பொண்ணுங்களுக்கெல்லாம் நான்தான் மேல. நீ எழுதிக் கேட்ட அன்னிக்கே பதில் எழுதினேன்க்கா. தபால்ல சேக்கல. தெரிஞ்சா நீ வந்துடுன்னு சொல்லுவே, சொன்னா நான் வந்துடுவேன், அந்தத் தெருவுல எப்படி நடப்பேன்? காந்திமதி அக்கா வீட்ல எல்லாரும் உக்காந்து கேப்பாங்க, உனக்கு மட்டும் புரியற மாதிரி வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. உனக்குப் புரிஞ்சதுன்னு எனக்குத் தெரியும். அந்த தைரியத்துலதான் இங்க இருந்தேன். அம்மாவுக்கு வரலைன்னு நீ கோவமா இருப்பே. இரு. கேசட் கேசட்டா நீயும் சௌக்கியம் சௌக்கியம்னுதானே சொன்னே, ஒருதடவையாச்சும் வேற ஏதாவது சொன்னியா? இன்னும் நின்னுகிட்டேதான் வேலை செய்யறதா காந்திமதி அக்கா எழுதியிருந்தாங்க. கால் எப்படி இருக்கு? ராத்திரி தூக்கம் வருதா? யாராவது உன்கூட உக்காந்து சாப்பிடறாங்களா? ஒண்ணு விடாம சொல்லு. கேசட்டோட அந்தப் பக்கத்தை உனக்காகக் காலியா விட்டிருக்கேன்."