அம்மா பாதியில் விட்ட படிப்பு

அம்மா ஏன் காலேஜுக்குப் போவதை நிறுத்தினாள் என்று கேட்டீர்கள். அன்று மழுப்பிவிட்டேன். இப்போது அப்பா எழுதுகிறேன்.

மனசு கஷ்டப்படுகிறவர்களிடம் பேசுவதற்கான கவுன்சலிங் எம்.ஏ. அது. செம்பூரில் காலேஜ். சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறிப் போவாள். சாயங்காலம் தாராவி வீட்டில், கஷ்டத்தைச் சொல்ல வந்தவனைப் போல என்னை ஸ்டூலில் உட்கார வைத்துப் பழகுவாள்.

"மொதலாளி சேட்டு தெனமும் என்னைய ஏசுதான்" என்பேன்.

"அப்ப ஒங்களுக்கு எப்படி இருக்கு?"

"காது வலிக்கி. ஒரு டீ குடுத்தா சரியாயிரும்."

"டீ குடுக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, தொடக் கூடாது. கேக்க மட்டும்தான் செய்யணும். வெளையாடாதீங்க, பாடம் இது."

நீங்கள் இரண்டு பேரும் கட்டிலில் கிடந்து சிரிப்பீர்கள்.

இரண்டாம் வருஷம் ஒரு சென்டரில் பயிற்சி. அங்கே நம் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி அம்மாவிடம் பேச வந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள். நம் பக்கத்தில் இழவு வீட்டில் பெண்கள் எதிரே நாற்காலி போட்டு உட்கார மாட்டார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவார்கள். அம்மாவும் நாற்காலியை விட்டு இறங்கி, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். அழும்போது நம் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டாள்.

உங்களுக்கு மேலே ஒரு அக்கா இருந்தாள். நடக்கப் பழகிய சமயம், மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு நானும் அம்மாவும் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை.

டீச்சர் திட்டவில்லை. "முதலில் நீ ஒரு கவுன்சலரிடம் உட்கார்ந்து உன் துக்கத்தைப் பேசு, பிறகு பயிற்சிக்கு வா" என்றாராம். அம்மா போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"அந்தம்மா நல்லாத்தான் பேசுனாங்க. அது ஒங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்."

"இன்னொரு நாள் போயிப் பாரேன்."

"நான் தெனமும் ஒங்ககிட்ட கேட்ட கேள்விதான. பதில் சொல்லுத ஆளுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

நான் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். அவளிடமிருந்து கற்றதைத்தான் கேட்கப் போனேன். "வேண்டாங்க" என்றாள். எழுந்து உலை வைத்தாள். அதன்பிறகு அவள் செம்பூர் போகவில்லை.

படிப்பைப் பற்றி அம்மாவிடம் கேட்காதீர்கள். அக்காவைப் பற்றி என்னிடம் கேளுங்கள். எனக்கும் சொல்ல வராது. ஆனாலும் கேளுங்கள்.